தளபதியை மறந்த விண்வெளிப் படை

தொண்ணூறுகளில், புலம்பெயர்ந்து வந்த மவுண்ட் வெல்லிங்டனில் நாங்கள் சில தமிழ்க் குடும்பங்கள் மாதமொருமுறை கூடி, வாசித்த புத்தகத்தைப் பற்றிக் கதைப்போம். ஒருமுறை விண்வெளிப் போர் பற்றிய ஆங்கிலப் புத்தகம். நான் வேலை செய்த பென்ரோஸ் தொழிற்சாலையில் தேநீர் இடைவேளைகளில் வாசித்து முடித்திருந்ததால், நானே முதலில் பேசினேன்.

"எழுதினவருக்கு நன்றியே இல்லை. அந்த நல்ல தளபதி தொடக்கத்திலயே செத்துப்போறார். பிறகு ஒருத்தரும் அந்தாளை நினைக்கேல்லை. முப்பத்தோராம் நாள் காரியம்கூட இல்லை. அடுத்த பக்கமே வேற தளபதி, வேற கிரகம்."

கூட்டம் நடந்த வீட்டின் செல்வம் அண்ணை, "ஓம், எனக்கும் அது பொறுக்கேல்லை" என்றார். சிங்கப்பூரில் கட்டாய இராணுவ சேவை செய்த நண்பர், "ஆர்மில அப்படித்தாங்க, ஆளை மாத்திக்கிட்டே இருப்பாங்க" என்று விளக்கமும் தந்தார்.

தேநீர் கொண்டுவந்த அண்ணையின் மனைவி என் காதருகே குனிந்தார். "தம்பி, அது நாவல் இல்லை. சிறுகதைத் தொகுப்பு."

அத்தியாயங்கள் என்று நான் நினைத்ததெல்லாம் தனித்தனிக் கதைகள். எனக்குப் புரையேறியது.

"அக்கா, அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருப்பன். என்ர மனுசனுமெல்லோ பொறுக்கேல்லை எண்டவர்."

இப்போது எந்தப் புத்தகமானாலும் முதலில் பொருளடக்கத்தைப் பார்க்கிறேன். கூட்டத்தில் அக்கா பேசிய பிறகே வாய் திறக்கிறேன். அண்ணை மட்டும் இன்றுவரை, புத்தகத்தைத் திறக்காமலே, என்னைப் பார்த்துத்தான் தலையாட்டுகிறார்.