கப்பல் பட்டியல் வாய் திறந்த நாள்

யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதை மூடப்பட்டு, சனம் கப்பலில் திருகோணமலைக்கு வந்துகொண்டிருந்த யுத்த காலம். துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கொமினிகேசனில், அதாவது டெலிபோனும் இன்டர்நெட்டும் உள்ள கடையில், வேலை செய்துகொண்டிருந்தேன். கப்பலில் வருகிறவர்களின் பெயர்ப் பட்டியலைப் போடுவதற்காக, ஒரு நலன்புரிச் சங்கத்துக்கு இணையத்தளம் செய்து கொடுத்தவள் நான்தான். அதில் எனக்கிருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல!

ஒருநாள் காலை, பார்வையற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் அதில் இருந்தது.

"தங்கச்சி, உங்கட பக்கத்தைத் திறந்தா இது 'கிராபிக், கிராபிக்' எண்டு மட்டும்தான் சொல்லுது. வேற ஒண்டும் இல்லையோ?"

எனக்கு முகம் கறுத்துவிட்டது. அந்நாட்களில் பல கணினிகளில் தமிழ் எழுத்துப் பெட்டி பெட்டியாகத்தான் தெரியும். அதனால் பட்டியலை அச்சடித்து, ஸ்கேன் பண்ணி, படமாகவே போட்டுவிடுவேன். படத்தை அந்த மென்பொருளால் வாசிக்க ஏலாது என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை.

"நான் வாசிச்சுச் சொல்றன் சேர்."

"வேண்டாம். போன கிழமை பக்கத்து வீட்டார் வாசிச்சுப்போட்டு, என்ர மனுசி வாறா எண்டவை. பொழுதுபடுமட்டும் துறைமுக வாசல்ல நிண்டனான். வந்தது அதே பேரில வேற ஆள். இந்த முறை நானே பாக்கோணும்."

சாம்பல்தீவிலிருந்து தாயின் செத்த வீட்டுக்குப் போன அவர் மனைவி, ஏழு மாதமாக யாழ்ப்பாணத்தில் அகப்பட்டிருந்தார். அடுத்த கப்பல் அன்று பின்னேரம்.

உட்கார்ந்தேன். அந்த மென்பொருளுக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும் என்பதால் பெயர், வயது, ஊர் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் தட்டினேன். பாதியில் அவர் கேட்டுப் பார்த்தார். "ஒரே குவியலா வாசிக்குது. ஏ, பி எண்டு பேரின்ர முதல் எழுத்துப்படி பிரிச்சுத் தலைப்பு வையுங்கோ, தாவிப் போவன்." வைத்தேன். சாப்பாடும் மறந்து போயிற்று.

இரண்டு மணிக்கு அவர் விரல் தலைப்புத் தலைப்பாகத் தாவியது. வெள்ளைக்காரக் குரல் ஒரு தமிழ்ப் பெயரைக் கடித்துக் குதறியது. பிறகு வயது. பிறகு ஊர், சாம்பல்தீவு.

கதிரை பின்னால் விழ எழும்பினார். "ஓம், அவதான்! தங்கச்சி, இது அவதான்!"

நானும் கத்திவிட்டேன். டெலிபோனில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அவரோ அந்த வரியை இன்னும் மூன்று முறை ஓடவிட்டுக் கேட்டுவிட்டுத்தான் துறைமுகத்துக்குப் புறப்பட்டார்.

ஆறு மணிபோல் கடை வாசலில் ஓர் ஓட்டோ நின்றது. உள்ளே இரண்டு பேர்.

இன்றும் ஓர் இணையப் பக்கத்தை முடித்தால், திரையை அணைத்துவிட்டுக் காதால் கேட்டுப் பார்க்காமல் யாருக்கும் கொடுப்பதில்லை. யாருடைய தயவுமில்லாமல் தன் மனைவியைத் தானே கண்டுபிடித்த அந்த முகத்தை நினைத்தால், இப்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.