ஒரே தலை, இரண்டு படம்

என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். குன்றத்தூரில் ஷிப்டுக்கு ஆள் ஏற்றி ஒரகடத்தில் கொண்டுபோய் இறக்குவார். போன வருஷம் ஒரு நாள், வண்டியை ஓரம் கட்டிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய வலது கை கிளாஸை நழுவ விட்டது. பேச்சும் குழறியது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. வெயில்தான் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். கூட இருந்த டிரைவர்கள் விடவில்லை, மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்கள்.

முதல் ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை. மூளைக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க இன்னொன்று எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். அதில் பெரிய குறை தெரிந்தால் இனி பஸ் ஓட்டக் கூடாது என்றும் சொன்னார். வீட்டில் இருக்கும்போதுகூட ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு, தெருவில் யார் எப்படி வண்டி திருப்புகிறார்கள் என்று பார்த்துத் திட்டுகிற மனுஷர் அவர். ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிட்டால் என்ன ஆவாரோ என்று இருந்தது எனக்கு.

ஸ்கேன் எடுத்த பெண் திருநெல்வேலிப் பக்கம். எடுத்து முடித்ததும் என்னை உள்ளே கூப்பிட்டாள்.

"யக்கா, தலையை அசைக்கப்பிடாதுன்னு அவ்வளவு சொன்னம்லா? தலைய கட்டிப் பட்டையும் போட்டிருக்கேன். அண்ணன் நடுவுல திருப்பிட்டாங்க. எதுக்குன்னு கேளுங்க."

"இன்னாயா பண்ண?" என்றேன் அவரிடம்.

"பின்னால பீப் பீப்புன்னு சவுண்டு வந்துச்சு. எவனோ ரிவர்ஸ் எடுக்கறான்னு கண்ணாடி பாத்தேன்."

"படுத்துக்கினு கண்ணாடி பாத்தியா?"

"பழக்கம்டி. நீ சொம்மா இரு."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. நான் வேலை செய்கிற கம்பெனியில் மீட்டிங் என்றால் தூண் மறைவில்தான் நிற்பேன். ஆனாலும் திரையில் இருந்த படத்தை விட்டு நகர மனம் வரவில்லை. பாதி அறுத்த பூசணிக்காய் மாதிரி ஒரு வட்டம். அதில் சிவப்பு, பச்சை. இடது பக்கம் மட்டும் உள்ளங்கை அளவுக்கு நீலம்.

"நீலம்னா இன்னாம்மா?"

"ரத்தம் கம்மியா ஓடுத இடம்க்கா."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அவசரமாகச் சொன்னாள்: கையில் ஏற்றிய மருந்து மூளைக்குள் வந்து போவதை வரிசையாகப் படம் பிடிக்கிறார்கள். அதை வைத்துக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வண்ணம் பூசுகிறது. நடுவில் தலை திரும்பினால் கணக்கு ஓரிடத்தை இன்னோரிடம் என்று எண்ணிக்கொள்ளும். கெட்டுப்போன படங்களை எடுத்துவிட்டு, எந்தப் பெரிய ரத்தக் குழாயை வைத்துக் கணக்கைத் தொடங்குவது என்பதையும் அவளே ஒரு புள்ளி வைத்துக் காட்டி, மறுபடி ஓட்டினாள். நீலம் சுருங்கி நகக்கண் அளவுக்கு வந்துவிட்டது.

அதே தலை. அதே ஸ்கேன். எது நிஜம்?

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ சந்தேகம்தான் வந்தது. நான் பிரேக் உதிரிபாகங்களை அளந்து பார்க்கிற மேசையில் வேலை செய்கிறேன். அளக்கிற கருவி, கேஜ், புதிதாக ஒன்று வந்தால், ஒரே பீஸை நாங்கள் மூன்று பேர் தனித்தனியாக அளப்போம். ஒருத்தி ரீடிங்கை இன்னொருத்திக்குச் சொல்லக் கூடாது. தெரிந்துவிட்டால் முள் எங்கே நின்றாலும் கண் அவள் சொன்ன இடத்தில்தான் நிற்கும். இந்தப் பெண்ணுக்கோ எங்கள் மேல் இரக்கம் வந்துவிட்டது. புள்ளியும் அவள் வைத்ததுதான்.

கேட்கலாமா வேண்டாமா என்று முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றேன். பிறகு கேட்டுவிட்டேன்: "இத்த வேற யாராச்சும் பாப்பாங்களா? அவங்களுக்கு நீ போட்டத காட்டுவியா?"

"சாயந்தரம் ஸ்கேன் டாக்டர் வந்து முதல்லேருந்து போடுவாங்க. நான் போட்டதை அவங்க முடிச்ச பிறகுதான் காட்டணும். பார்த்துட்டா கை தானா அங்கனயே போயிரும்லா."

எங்கள் மேசையில் சொல்வதையே வேறு ஊர்ப் பேச்சில் கேட்பது போல இருந்தது.

சாயந்தரம் வந்த டாக்டர் படத்தைப் போட்டு முடித்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். அவருடைய நீலமும் சிறியதுதான், ஆனால் அந்தப் பெண்ணுடையதைவிடக் கொஞ்சம் பெரியது.

"ரெண்டும் ஒண்ணா இல்லியே சார்," என்றேன்.

"அச்சு அசலா வராதும்மா. இவ்வளவு வித்தியாசம் எதிர்பார்க்கிறதுதான். அதனால படத்தை மட்டும் நம்ப மாட்டோம்," என்றார். பிறகு இவரிடம் இரண்டு விரலை நீட்டி, "இறுக்கிப் பிடிங்க," என்றார். இவர் கியர் போடுகிற மாதிரி பிடித்தார். "விடுங்க, விடுங்க," என்று கையை உதறினார் டாக்டர்.

அடைப்பு வந்து தானாக விலகியிருக்கிறது, மாத்திரையை நிறுத்தக் கூடாது, வண்டியை இப்போது தொடக் கூடாது, திரும்பவும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். பல மாதம் ஜன்னல் நாற்காலிதான். தெருவில் வண்டி திருப்பியவர்கள் எல்லோரும் திட்டு வாங்கினார்கள். கடைசியில் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

முதல் நாள் நானும் அவர் பஸ்ஸில் போனேன். கம்பெனி வாசலில் ரிவர்ஸ் எடுத்தார். பீப் பீப் என்றது. அவர் தலை இடது பக்கக் கண்ணாடிக்குத் திரும்பியது. என் தலையும் திரும்பியது.