பீடத்துணி துவைத்தவள்

என் தங்கையின் விரல் நுனிகளில் எப்போதும் துணிக்குப் போடும் நீலம் ஒட்டியிருக்கும். அதனால் தெருவில் அவளுக்கு நீலக்கை என்றே பேர். எங்கள் கோயிலில் பாதர் பூசை வைக்கும் மேடைமேல் விரிக்கும் பீடத்துணிகளை இருபத்திரண்டு வருஷம் துவைத்தவள் அவள். பூசை அப்பத்தின் துகள் கலந்திருக்கும் என்று முதல் அலசுத் தண்ணீரைச் சாக்கடையில் விடமாட்டாள். யார் காலும் படாத செடியின் வேரில் ஊற்றுவாள். ஜெபம் சொல்லச் சொன்னால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "எனக்கு வாய் வராது பாதர், துணி இருந்தா குடுங்க" என்பாள்.

என் மகளின் மாமனார் வாதத்தில் விழுந்து படுக்கையானார். அவருடைய விரிப்புகளைத் தொடமாட்டேன் என்று வேலைக்காரி போய்விட்டாள். என் மாப்பிள்ளை அப்போதே கோயில் காரியங்களைப் பார்க்கும் பங்குக்குழுவின் செயலாளர், பெரிய மனிதர். தங்கை வீட்டுப் பின்வாசலில் மூட்டையோடு வந்து நின்றார்.

"சின்னத்தை, வெளிய தெரிஞ்சா அப்பா மானம் போயிடும்."

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன் மாப்பிள்ளை. வச்சுட்டுப் போங்க."

வாரம் இரண்டு மூட்டை. அதற்குத் தகரத் தொட்டி, பீடத்துணிக்கு எனாமல் பேசின். கொடியும் தனித்தனி. மூன்று வருஷம் எங்கள் வீட்டு ஆட்களைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

ஒருநாள் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. இரண்டையும் வாரிக்கொண்டு ஓடியவள், வாசல் கூரைக்குக் கீழே இருந்த ஒரே கொடியில் போட்டுவிட்டாள். மழைக்கு ஒதுங்கிய பாடகர்குழுக்காரியின் கண்ணில் அது பட்டது. அவள் கண்ணில் பட்டால் போதாதா?

கூட்டம் கூட்டினார்கள். "யார் வீட்டு மூத்திரத் துணியோ, சாமி துணியோட ஒட்டிக்கிட்டுத் தொங்குது!" என்றாள் அவள்.

"யாருடையதும்மா அது?" பாதர் கேட்டார்.

தங்கை தரையைப் பார்த்தாள். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் எழுந்தார். அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

"சின்னத்தை நல்லவங்கதான். ஆனா பீடத்துக்குன்னு ஒரு பரிசுத்தம் இருக்கு. இந்தப் பொறுப்பை வேற யாருக்காவது குடுத்துடலாம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழப்போனேன், தொடையில் ஒரு கிள்ளு. "உக்காருக்கா. வாக்குக் குடுத்திருக்கேன்." எதிர்வரிசையில் என் மகள் தலை நிமிரவே இல்லை. பெற்ற வயிறாயிற்றே, நானும் உட்கார்ந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் ஆறவில்லை.

அடுத்த நாள் காலை நான் தங்கை வீட்டில் இருந்தபோது பின்கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. இந்த முறை மூட்டையோடு என் மகள்.

"பரிசுத்தம் பேசினாரே உன் புருஷன், அதுலயே அலசிப் போடச் சொல்லுடி!" என்று வழியை மறித்தேன்.

தங்கை என்னை விலக்கி மூட்டையை வாங்கினாள். "பெரியவர் ஈரத்துல படுத்திருக்காருக்கா. மாப்பிள்ளை மேல இருக்குற கோவத்தை அவர் முதுகுல காட்டச் சொல்றியா?"

பெரியவர் கண்மூடும்வரை, இன்னும் பதினாலு மாதம் துவைத்தாள். யார் கண்ணிலும் படாமல், தான் படுக்கும் கட்டிலுக்கு மேலே கயிறு கட்டி உலர்த்தினாள். பீடத்துணி மட்டும் அவள் கைக்குத் திரும்பவே இல்லை.

போன மாதம் அவளை அடக்கம் செய்தோம். மாப்பிள்ளை மைக்கைப் பிடித்து, "சத்தமில்லாமல் ஊழியம் செய்தவர்" என்று அரைமணி நேரம் உருகினார். எந்தத் துணி, யார் துணி என்று அப்போதும் வாய் திறக்கவில்லை.

வாக்குக் கொடுத்தவள் என் தங்கை. நான் கொடுக்கவில்லை. அதனால் சொல்லிவிட்டேன்.