நாங்களே தேர்ந்தெடுத்த கங்காணி

ஏலத்தோட்டத்தில் காய் எடுத்த காலத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சிலமலை என்ற எங்கள் ஊரிலிருந்து மலையேறிய நாங்கள் காலையில் கஞ்சி குடித்ததும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, யானை நடமாடும் அந்தக் காட்டில் அன்று எந்தச் சரிவில் இறங்குவது என்று பேசுவோம். ஒரே ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்தச் சரிவுக்கு யாரும் போக மாட்டோம். சொல்வது பெண்பிள்ளையாக இருந்தாலும் காரணம் கேட்பதில்லை. சோம்பேறிகளுக்கும் இது வசதியாக இருந்தது, அதை மறைப்பானேன்? ஆனால் யானைக்கு நாங்கள் ஓர் உயிரைக்கூடக் கொடுத்ததில்லை.

போடியிலிருந்து வந்த புது முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. அவர் அதட்டவில்லை. சிரித்துக்கொண்டே, “இத்தன வாய்கிட்ட நான் எப்படிப் பேசுறது? வேல வாங்க ஒரு கங்காணிய உங்களுக்குள்ளயே பொறுக்கிக்கங்க. வெளியாள் வேணாம்” என்றார்.

வெளியாள் வந்து மேய்ப்பானோ என்று பயந்திருந்த எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோரும் சேர்ந்து என் வீட்டுக்காரரைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்று வெல்லம் போட்டுப் பொங்கல் வைத்தேன்.

ஒருநாள் காலை ஓடைப் பக்கம் மூங்கில் முறியும் சத்தம் கேட்டது. “அந்தப் பக்கம் வேணாம்” என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், “காய் பழுத்து வெடிச்சிரும். வெரசா எடுக்கணும்னு மொதலாளி சொல்லிட்டாரு. கெளம்புங்க” என்றார். எல்லோரும் எழுந்தார்கள். நானும் கூடையை எடுத்தேன்.

அன்று யானை வரவில்லை. அதுதான் எங்களுக்கு வினையாக முடிந்தது. “புருசன் பேச்ச நீயே கேக்கலேன்னா எப்படி மதினி?” என்று கேலி செய்தார்கள். பிறகு யாரும் அடுப்பைச் சுற்றி உட்காரவில்லை. நின்றபடியே கஞ்சியைக் குடித்துவிட்டு அவர் வாயைப் பார்த்தோம்.

சில நாளில் அதே சத்தம், இன்னும் கிட்டத்தில். எல்லோருக்கும் கேட்டது. வேலை நின்றால் வேறு கங்காணி வருவான் என்று முதல்நாள்தான் முதலாளி சொல்லியனுப்பியிருந்தார். என் வீட்டுக்காரர் எங்களை ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார். யாராவது தடுத்தால் அதைச் சாக்கிட்டு நின்றுவிடலாம் என்று அந்த மனுஷர் தவித்தது எனக்குத் தெரிந்தது. நான் உட்பட எல்லோரும் கூடையை எடுத்தோம்.

“எறங்கலாமாண்ணே?” என்று கேட்டான் ஒருவன்.

“நான் முன்னால போறேன். தள்ளி வாங்க” என்றார்.

மத்தியானம் அவர் உடம்பைக் கம்பளியில் சுற்றிப் பாதையோரம் கிடத்தினோம். எந்த வழியாக ஊருக்கு இறக்குவது என்று சொல்ல யாருமில்லை. முதலாளியின் ஆள் வந்து சொல்லும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.