பஞ்சவர்ணத்தின் இதயமும் திருத்திய அறிவித்தல்களும்

சிறப்பு மருத்துவப் பயிற்சி என்பது பாதி வைத்தியம், மீதிப் பாதி அறிவித்தல் பார்ப்பது. காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னமே பயிற்சி நிறுவனத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து, பரீட்சை நாளிலும் வேலை செய்கிற ஊரிலும் இன்றைக்கு எதை மாற்றியிருக்கிறார்கள் என்று பார்ப்போம். இதை வாசிக்கிற உங்களில் யாராவது அந்தப் பக்கத்தின் முன்னால் தேநீரை ஆறவிட்டிருந்தால், நீங்களும் நம்மவர்தான். இலங்கை மலைநாட்டின் ஊவாவில் நான் பயிற்சி பெற்ற ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நடந்ததில் பெரும்பங்கு என்னுடையது. அதற்கு ஊரை ஏன் இழுக்க வேண்டும்.

கலியாண நாள்

என்னோடு பயிற்சியில் இருந்த பிரதீப், ஹாலிஎல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவன். பரீட்சை முடிந்த மறுவாரம் கலியாணம் என்று மண்டபம் பிடித்து, அழைப்பிதழும் அடித்துவிட்டான். பரீட்சை ஒரு வாரம் தள்ளிப் போகிறது என்று அறிவித்தல் வந்தது. கலியாணத்தை ஒரு மாதம் தள்ளினான். பிறகு திருத்திய அறிவித்தல் வந்தது, பரீட்சையும் ஒரு மாதம் தள்ளியது. புதிய முகூர்த்த நாளன்று காலை ஒன்பது மணிக்கு அவனுக்கு வினாத்தாள்.

வார்ட்டில் எல்லோரும் அவன் முகத்தைப் பார்க்கத் தயங்கினோம். அவன்தான் சிரித்தான். "பொண்ணு வீட்டுல இனி ஐயர்கிட்ட கேக்க மாட்டாங்களாம். அந்தப் பக்கத்தப் பாத்துட்டுத்தான் நாள் குறிப்பாங்களாம்."

பதினோராம் கட்டில்

பஞ்சவர்ணத்தை நான் முதலில் பார்த்தது பெண்கள் வார்ட்டின் பதினோராம் கட்டிலில். பூனாகலையில் கொழுந்து பறிப்பவர், வயது முப்பத்தெட்டு. தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், கணவர் முருகையாவும் இரண்டு பெண் பிள்ளைகளும். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் இதயத்தின் வால்வு ஒன்றைச் சுருக்கிவிட்டிருந்தது. கூடையோடு மேட்டில் ஏறினால் மூச்சு முட்டும். சத்திரசிகிச்சை செய்தால் நெடுநாள் இருக்கலாம், செய்யாவிட்டால் முடியாது.

எங்களுக்கு அவர் வேறொரு காரணத்துக்காகவும் வேண்டியவர். அந்த வால்வின் உறுமல் லேசில் காதில் விழாது. நோயாளியை இடப்பக்கம் திரும்பிப் படுக்க வைத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொன்னால்தான் பிடிபடும். பஞ்சவர்ணத்திடம் அது புத்தகத்தில் எழுதியிருக்கிறபடியே கேட்டது. ஆகவே பயிற்சிக்கு வருகிற அத்தனை பேரும் அவர் கட்டிலடியில் வரிசையில் நின்றார்கள். நானும் நின்றேன். நான் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டுவதற்குள் அவர் இடப்பக்கம் திரும்பிவிட்டார்.

"மூச்ச வுட்டுட்டு நிறுத்தவாங்க, டொக்டரம்மா? போன வருசம் வந்த ஐயாவுக்கு அப்புடித்தான் நல்லா கேட்டுச்சு."

கடிதம்

அவருடைய கிளினிக் கொப்பியைப் புரட்டினேன். 'இதய சத்திரசிகிச்சைக்குக் கடிதம் அனுப்பவும்' என்று மூன்று இடத்தில் மூன்று கையெழுத்தில் இருந்தது. எனக்கு முன்னால் இருந்த மூன்று பயிற்சி மருத்துவர்களும் எழுதியிருக்கிறார்கள். அனுப்புவதற்குள் ஒவ்வொருவரையும் ஓர் அறிவித்தல் வேறு ஊருக்குத் தூக்கிப் போயிருக்கிறது. அவர்களைத் திட்டிக்கொண்டே, பஞ்சவர்ணத்தின் கண்முன்னாலேயே உட்கார்ந்து கடிதத்தை எழுதினேன். அன்று வெள்ளிக்கிழமை. கையெழுத்துப் போட வேண்டிய பெரிய டொக்டர் திங்கள்தான் வருவார்.

பின்னேரம் எனக்கும் அறிவித்தல் வந்தது: திங்கள் முதல் கொழும்பில். பொறுப்புக் கொடுக்கிற கொப்பியில் கடிதத்தைப் பின் பண்ணி, எனக்குப் பதிலாக வரப்போகிறவரின் பெயரைப் போட்டு, சிவப்பு மையால் 'அவசரம்' என்று எழுதினேன். ஒரு நாள் லீவு போட்டு நின்று கையெழுத்தை வாங்கிக்கொண்டு போகலாமா என்று பிரதீப்பிடம் கேட்டேன். எனக்கு வேண்டியிருந்த பதிலையே அவன் சொன்னான்: "எழுதி வச்சாச்சுதானே. இனி அது வர்றவங்க பாடு."

மூன்றாவது திரை

ஏழு மாதம் கழித்து எனக்குச் செய்முறைப் பரீட்சை, அதே ஆஸ்பத்திரியில். நெஞ்சில் நல்ல சத்தமுள்ள நோயாளிகளைத் தேடிப் பிடித்து, காலையிலேயே அழைத்து வந்து, திரைக்குத் திரை படுக்க வைத்திருப்பார்கள். மூன்றாவது திரையை விலக்கினால் பஞ்சவர்ணம். தெரிந்த நோயாளி என்றால் பரீட்சகர்களிடம் உடனே சொல்லிவிட வேண்டும் என்பது விதி. நான் சொல்லவில்லை. அவரும் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டு பரீட்சகர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, அவசரமாக ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். நேராகப் படுக்க வைத்தே கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. திரும்பச் சொல்ல வேண்டும் என்பதே மறந்துபோனது. ஸ்டெதஸ்கோப்பை எடுக்கப் போன நேரம் அவர் மெல்ல இடப்பக்கம் திரும்பினார். மூச்சை விட்டு நிறுத்தினார். நான் கைகாட்டினேன் என்று பரீட்சகர்கள் நினைத்திருப்பார்கள். உறுமல் தெளிவாகக் கேட்டது, பதில் சரியாக வந்தது.

முடிந்த பிறகு தாழ்வாரத்தில் நோயாளிகளுக்குப் பனிஸும் தேநீரும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய கால்கள் வீங்கியிருந்ததை அங்கேதான் கவனித்தேன். "நல்லா கேட்டுச்சுங்களா?" என்று கேட்டார். கேட்டது என்றேன். "ஒப்பரேசனுக்குத் திகதி வந்திட்டுதா, அம்மா?" என்று கேட்டேன்.

"இன்னும் வரலீங்க. ஆனா டொக்டரம்மா நீங்க எழுதி குடுத்துட்டீங்கதானே. அந்த தைரியத்துலதான் இருக்கோம்."

நம்பர் இருபத்து நான்கு

வார்ட்டுக்கு ஓடினேன். பொறுப்புக் கொப்பியில் நான் பின் பண்ணிய இடத்திலேயே கடிதம் இருந்தது. குத்திய பின் ஊசி துருப்பிடித்திருந்தது. எனக்குப் பதிலாக வர வேண்டியவரை, நான் போன அந்த ஞாயிற்றுக்கிழமையே திருத்திய அறிவித்தலொன்று வேறெங்கோ மாற்றியிருக்கிறது. ஆறு வாரம் அந்த இடம் காலி. பிறகு வந்தவர் புதுக்கொப்பி தொடங்கியிருக்கிறார். அந்த அறிவித்தல் எனக்கும் வந்ததுதான். என் பெயர் அதில் இல்லாததால் நான் முழுதாக வாசிக்கவில்லை. மூன்று பேரைத் திட்டினேனே, நான் நாலாவது ஆள்.

அன்றே பெரிய டொக்டரிடம் கையெழுத்து வாங்கி, கடிதத்தை இதய சத்திரசிகிச்சைப் பிரிவில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த அறிவித்தல் என்னைத் திரும்பவும் ஊவாவுக்கே அனுப்பியது. இரண்டு மாதம் கழித்து ஒரு கிளினிக் நாளில், நம்பர் இருபத்து நான்கு என்று கூப்பிட்டதும் முருகையா உள்ளே வந்தார். காலையிலிருந்து நம்பர் எடுத்து வரிசையில் காத்திருந்திருக்கிறார். பஞ்சவர்ணம் ஒன்பது நாளைக்கு முன் மலையில், கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு ஏறும்போது விழுந்துவிட்டாராம். அங்கேயே முடிந்துவிட்டதாம். அடக்கம் செய்து வந்த மறுநாள் தபாலில் சத்திரசிகிச்சைக்கான திகதி வந்திருக்கிறது. அந்தத் தாளை மேசையில் வைத்து, மடிப்பைக் கையால் நீவிவிட்டார். நான் அழுதேன். அவர் அழவில்லை.

"இந்த நாள வேற யாருக்காச்சும் மாத்திக் குடுக்க முடியுங்களா, டொக்டரம்மா? ரொம்ப காலமா காத்திருந்து வந்த நாளுங்க, வீணாப் போயிரக்கூடாது."

*

இத்தனை வருடப் பயிற்சியில், அந்தப் பரீட்சையில் நான் தேறிவிட்டேன் என்று வந்த அறிவித்தல் ஒன்றைத்தான் இதுவரைக்கும் யாரும் திருத்தவில்லை.