மாப்பிள்ளை போட்ட விதியும் என் தகரக் கூரையும்

என்னைப் பார்த்துச் சிரித்தவனை நான் மறந்ததே கிடையாது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, வீடுவீடாக அழுக்கு மூட்டை சுமந்த நான் இன்று ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் துணி வெளுத்துத் தரும் சலவைக்கூடத்துக்கு முதலாளி. அதில் பாதி என் உழைப்பு, மீதி அந்தக் குணம்.

கடைசியாகச் சிரித்தவர் என் தங்கை புருஷன். நாங்கள் ஒரே அடுக்குமாடியில் குடியிருக்கிறோம். பெரிய ஆபீசில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். மின்கட்டணம் கழுத்தை நெரிக்கிறது, மொட்டைமாடியில் என் பங்கு இடத்தில் சோலார் தகடு போட்டுக்கொள்கிறேன் என்று கூட்டத்தில் கேட்டேன்.

"மச்சான், இது துணி காயப்போடற சமாச்சாரம் இல்ல. கொஞ்சம் படிச்சிருந்தா புரியும்" என்றார்.

கூட்டமே சிரித்தது. தங்கை மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதோடு விட்டாரா? மொட்டைமாடியில் யாரும், எந்தக் காலத்திலும் தகடு மாட்டக் கூடாது என்று சங்க விதியிலேயே ஏற்றிவிட்டார். எனக்கு வைத்த ஆப்பில் தானும் உட்கார வேண்டிவரும் என்று அந்தப் படித்த மண்டைக்கு உறைக்கவில்லை.

என் சலவைக்கூடத்துக்குப் பரந்த தகரக் கூரை. பக்கத்தில் மரமும் இல்லை, உயரக் கட்டடமும் இல்லை. மின்சார ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். அங்கிருந்த அம்மா பொறுமையாகச் சொன்னார்: பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே இடத்தில் தகடு போடலாம், மின்சாரம் பொதுக் கம்பிக்குப் போய்விடும், அவரவர் பங்குக்கு ஏற்றபடி வீட்டு பில்லில் கழித்துக்கொள்வார்கள். வீட்டு மாடியில் ஒரு ஆணிகூட அடிக்க வேண்டாம்.

அன்று சிரித்தவர்களின் கதவை எல்லாம் தட்டினேன். வாடகைக்கு இருப்பவர்களையும், மீட்டர் இருக்கிற வீட்டுக்காரர் பேரிலேயே சேர்த்தேன். கூரை என்னுடையது, தகட்டுச் செலவில் ஆளுக்கொரு பங்கு உங்களுடையது என்றேன். ஒரு கதவை மட்டும் தாண்டிப் போனேன்.

கூரையில் தகடு ஏறியது, கோடையும் வந்தது. பில் குறைந்தவர்களைப் படிக்கட்டில் நிறுத்தி, மாப்பிள்ளை வாசலுக்கு நேரே சத்தமாகப் பேச வைத்தேன். சின்னப் புத்திதான். ஆனால் கரும்பாக இனித்தது.

பொறுக்க முடியாமல் அவரே மொட்டைமாடியில் தகடு மாட்ட ஆள் கூட்டிவந்தார். கீழ்வீட்டுத் தையல்காரம்மா படியிலேயே மறித்தாள்.

"சார், நீங்க போட்ட விதி சார். நீங்களே மீறினா நாங்க யார்கிட்ட போய் நியாயம் கேக்கறது?"

வந்த ஆட்கள் ஏணியோடு திரும்பினார்கள். மறுவாரம் தங்கையோடு என் சலவைக்கூடத்துக்கு வந்து நின்றார் மாப்பிள்ளை. இயந்திர இரைச்சலிலும் அவர் கேட்டது என் காதில் நன்றாகவே விழுந்தது. இருந்தாலும் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். வேலையாட்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 

"இப்ப சொல்லுங்க மாப்ள."

"எங்களுக்கும் ஒரு பங்கு வேணும் மச்சான்."

"தரேன். என் தங்கச்சி பேர்லதான் தருவேன். பங்கும் மீட்டரும் ஒரே பேர்ல இருக்கணுமாம், ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. மீட்டரை அவ பேருக்கு மாத்திட்டு வாங்க."

முகம் செத்துப்போயிற்று. வீடு, வங்கிக் கணக்கு, வாசல் பலகை எல்லாவற்றையும் தன் பேரிலேயே வைத்திருந்த மனிதர்.

"ஒரே வீடுதானே, யார் பேர்ல இருந்தா என்ன மச்சான்?"

"அதத்தான் நானும் சொல்றேன். அப்ப மாத்தறதுக்கு என்ன கஷ்டம்?"

தங்கை என்னை ஓரமாக இழுத்தாள். "அண்ணே, எனக்கு நல்லது பண்றியா, அவரப் பழி வாங்கறியா?"

"ரெண்டும்தான்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள். "நாளைக்கே போயிரலாங்க."

போனார். வெயிலில் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார். கண்ணாரப் பார்க்க நானும் கூடப் போயிருந்தேன்.

தங்கை பேரில் முதல் பில் வந்த அன்று அவர்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை ஏசியை இன்னும் குளிராக்கினார்.

"என்னங்க, ரிமோட்டை இப்படிக் குடுங்க" என்றாள் தங்கை. "கரண்டு என் பேர்ல ஓடுது. இனிமே கேட்டுட்டுப் போடுங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ரிமோட்டை அவள் கையில் கொடுத்தார்.

நான் இன்னொரு டீ கேட்டேன்.