இரண்டாவது குழாய்

பொம்மனஹள்ளியில் சொந்த வீடு என்று சொன்னால், அந்தக் காலத்தில் யாரும் வாழ்த்துச் சொல்ல மாட்டார்கள். "தண்ணி எப்படி?" என்றுதான் கேட்பார்கள். "போர் தண்ணிதான், கொஞ்சம் உப்பு" என்பார் என் கணவர். எதையும் கொஞ்சம் என்று சொல்வது அவர் சுபாவம். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. புது எவர்சில்வர் குடம் ஒரே மாதத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப்போகும். தலைக்குக் குளித்தால் முடி கயிறாகத் திரிந்துகொள்ளும். அப்புறம் கொட்டும். ஊரில் யாருக்கு முடி கொட்டினாலும் போர் தண்ணீரைத்தான் திட்டுவார்கள், நானும் திட்டினேன்.

அங்கே வீடு கட்டியவர்கள் எல்லோரும் அப்போது ஒரு காரியம் செய்தார்கள். சமையலறைக்கு இரண்டு லைன் இழுத்தார்கள். ஒன்று மாடித் தொட்டியிலிருந்து வருகிற போர் தண்ணீருக்கு. இன்னொன்று காவேரிக்கு. காவேரி எங்கே என்று கேட்கக் கூடாது. எங்கள் தெருவில் காவேரிக் குழாயே போடவில்லை. வரும் என்று சொன்னார்கள், அவ்வளவுதான். தெரு போடும்போது வரும், தேர்தல் முடிந்தால் வரும், அடுத்த மழைக்குள் வரும். அதனால் எங்கள் சமையலறையிலும் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு மேலே இரண்டு குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் உப்புத் தண்ணீர் வந்தது. மற்றதில் ஒன்றும் வரவில்லை. அதன் மறுமுனை கேட்டுக்குப் பக்கத்தில் மண்ணுக்கு அடியில் மூடி போட்டுக் கிடந்தது.

அது அவருக்கும் தெரியும். மூடியைத் திருகியதே அவர்தான். இருந்தும் தினமும் காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து அந்த இரண்டாவது குழாயைத் திறப்பார்.

"காவேரி வந்தாளா?"

"கிளம்பிட்டாளாம். ஓசூர் ரோட்டுல டிராஃபிக்காம்" என்பேன் நான், அடுப்பைப் பார்த்தபடியே.

"சரி, மெதுவா வரட்டும்" என்று மூடுவார்.

இதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. சில நாள் எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும். ஆனால் அவர் கேட்காத நாளும் இல்லை, நான் பதில் சொல்லாத நாளும் இல்லை.

அந்தப் பழக்கம் ஸ்ரீராம்புரத்திலிருந்து வந்தது. கல்யாணமான புதிதில் அங்கே ஒற்றை அறையில் குடியிருந்தோம். சந்துக்கே ஒரு குழாய். தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. முதலில் பார்க்கிறவர் "வந்துடுச்சு!" என்று சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி கத்த வேண்டும். கத்தாமல் தன் குடத்தை மட்டும் நிரப்பிக்கொண்டவர்களோடு மாதக்கணக்கில் யாரும் பேச மாட்டார்கள். என் கணவருக்குத் தொண்டை பெரிது. பெரும்பாலும் அவர்தான் கத்துவார். தொண்ணூற்றொன்றில் காவேரிக்காக ஊரில் கலவரம் வந்தபோது அதே சந்தில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். கிருஷ்ணகிரியிலிருந்து என் அண்ணன் ஆள் மேல் ஆள் விட்டு, ஊருக்கே வந்துவிடச் சொன்னார். இவர் போகவில்லை. அதற்கப்புறம்தான் பொம்மனஹள்ளியில் மனை பார்த்தார். இங்கேதான் இருக்கப்போகிறோம் என்று அவர் வாயால் சொல்லவில்லை, வீடு கட்டினார். எங்களுக்குக் குழந்தை இல்லை. வீடு கட்டினோம்.

குடிக்கிற தண்ணீரை அவர் வேலை செய்த அச்சகத்திலிருந்து கொண்டுவருவார். சாந்திநகரில் காவேரி வரும். காலையில் போனவுடனே கேனை நிரப்பி ஸ்கூட்டரின் முன்னால் வைத்துவிடுவார், சாயங்காலம் மறந்துவிடக் கூடாது என்று. அப்படி நிரப்பி வைத்த ஒரு நாளில், மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே போய்விட்டார். முதலில் அவரைக் கொண்டுவந்தார்கள். பிறகு அவரோடு வேலை செய்தவர் ஒருவர் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். கேனில் தண்ணீர் இருந்தது. பக்கத்து வீட்டு அம்மா அந்தத் தண்ணீரிலேயே வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்தார். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். குடித்தேன்.

எனக்கு அழுகை வரவில்லை. பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. நாத்தனார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போது உடைவேன் என்று. நான் என்ன செய்வேன். உள்ளே கை விட்டுத் தேடினாலும் ஒன்றும் தட்டுப்படவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி அவருடைய சட்டையை எடுத்துப் பார்த்தேன். சட்டையாகத்தான் இருந்தது. மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

எனக்கு ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸில் வேலை. செக்கிங் பிரிவில் சூப்பர்வைசர். தைத்து வருகிற சட்டைகளை மேஜையில் விரித்துக் குறை பார்க்க வேண்டும். குறை இருந்தால் "பேடா" என்று சொல்லித் தள்ளிவிட வேண்டும். வேண்டாம் என்பதற்குக் கன்னடம். அங்கே கன்னடக்காரி, தமிழ்க்காரி, தெலுங்குக்காரி எல்லோருக்கும் அது ஒரே வார்த்தைதான். நான் எத்தனை ஆயிரம் பேடா சொல்லியிருப்பேன் என்று தெரியாது. வீட்டில் மட்டும் அப்போது என் வாயில் "சரி" என்ற ஒரே சொல்தான் மிச்சம் இருந்தது. சாப்பிடு என்றால் சரி. கோயிலுக்குப் போய் வா என்றால் சரி. அண்ணன் கிருஷ்ணகிரியிலிருந்து வந்து, "தனியா எதுக்கு இங்க கிடக்கற பாப்பா? வீட்ட வித்துட்டு நம்ம வீட்டோட வந்துடு. உங்க அண்ணி ரூம் ஒழிச்சு வெச்சிருக்கா" என்றபோதும் சரி என்றேன்.

அண்ணன் நல்லவர். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வாராவாரம் பஸ் ஏறி வந்து எனக்காக அலைந்தவர்.

வீட்டைப் பார்க்க ஓர் இளம் தம்பதி வந்தார்கள். இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, சொந்த ஊர் கோயம்புத்தூர்ப் பக்கம். அந்தப் பெண் நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விரலைத் தேய்த்துப் பார்த்தாள். அப்புறம் தன் பின்னலைத் தொட்டுக்கொண்டாள். இரண்டாவது குழாயைத் திறந்தாள். திருகுகிற சத்தம் மட்டும் வந்தது.

"இது என்னங்க?"

"அது சும்மாம்மா" என்றார் அண்ணன்.

போகும்போது, முழு வீட்டுக்கும் ஃபில்டர் போட்டிருந்தால் யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து ஃபில்டர் விற்கிறவர்கள் வர ஆரம்பித்தார்கள்.

முதலில் வந்தவர் டை கட்டியிருந்தார். எங்கள் தண்ணீரைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, பையிலிருந்து ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். தண்ணீர் ரோஸ் நிறமாக மாறியது. "பாத்தீங்களா மேடம், ஃபுல் ஹார்டு!" என்றார், எனக்கு வியாதி கண்டுபிடித்த டாக்டர் மாதிரி. நல்ல தண்ணீர் என்றால் நீலமாகுமாம். அதையும் தன் பாட்டில் தண்ணீரில் செய்து காட்டினார். அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். நான் அந்த ரோஸ் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைத்தான் இத்தனை வருஷம் சமைத்தோம், குளித்தோம் என்று நினைத்தேன். அதில் வருத்தமும் இல்லை.

அவர் சொன்னது இரண்டு உருளை வைத்த பெரிய சாதனம். ஒன்றில் சின்னச் சின்ன மணிகள் இருக்கும், தண்ணீரின் கடினத்தை அவை பிடித்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு தடவை இன்னொன்றில் கல் உப்பைக் கொட்டிக் கழுவிவிட வேண்டும். அதற்குப் பிறகு வந்தவர் சின்னதாக ஒன்று காட்டினார். வெள்ளைத் திரி வைத்த நீலக் கூடு. மெயின் லைனில் மாட்டிவிட்டால் போதும், உப்பு வேண்டாம், கழுவ வேண்டாம் என்றார். அண்ணனுக்கு அதுதான் பிடித்தது.

"வாங்கறவன் கண்ணுக்கு ஒண்ணு தெரிஞ்சா போதும் பாப்பா. நாமளா இருக்கப்போறோம்?"

நான் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கண் பழகிய கண். மனசு செத்துக் கிடந்தாலும் பிரிந்த தையல் தெரியத்தான் செய்யும்.

"இந்தத் திரி மண்ணைத்தானே பிடிக்கும்? உப்பைப் பிடிக்குமா?" என்று கேட்டேன்.

அந்த ஆள் தண்ணீர் குடித்தார். "மண்ணு, துரு எல்லாம் போயிடும் மேடம். உப்பு வந்து... அது இயற்கை."

"அப்ப வேணாம்" என்றேன். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பெரிய உருளையே வந்து சேர்ந்தது. ஆசைப்பட்டு வாங்கவில்லை. குறையுள்ள சாமானை யார் தலையிலும் கட்ட முடியவில்லை, அவ்வளவுதான்.

பொருத்துவதற்கு ஒரு பிளம்பர் வந்தார். அண்ணனும் அவரும் மாடிக்குப் போனார்கள். நான் சமையலறையில் வெறுமனே நின்றுகொண்டிருந்தேன். மேலே குழாயை அறுக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பிளம்பர் ஸ்பேனரோடு கீழே வந்து தொட்டிக்கு மேலே பார்த்தார்.

"மேடம், இந்தக் காவேரி லைன் சும்மாதான இருக்கு? ஒரு டீ ஜாயின்ட் போட்டு இதையும் ஃபில்டர் லைன்ல சேர்த்துடறேன். ரெண்டு குழாயிலயும் தண்ணி வரும், நல்லாயிருக்கும். வெளிய கேட் பக்கத்துல இருக்கற துண்ட கட் பண்ணி எடுத்துடலாம்."

பின்னால் வந்த அண்ணன், "ஆமாம்பா, அதச் செய் மொதல்ல. அவங்க அன்னிக்கே கேட்டாங்க" என்றார்.

பிளம்பர் இரண்டாவது குழாயின் கழுத்தில் ஸ்பேனரை வைத்தார்.

"பேடா" என்றேன்.

தொழிற்சாலைக் குரல். எனக்கே தூக்கிவாரிப்போட்டது. பிளம்பர் கையை எடுத்துவிட்டார்.

"என்னா பாப்பா?"

"அதத் தொட வேணாம். அது காவேரிக் குழாய்."

"தண்ணியே வராத குழாய வெச்சுகிட்டு என்னா பண்றது? வாங்கறவங்க கேட்டா என்னா சொல்றது?"

"வீடு விக்கலன்னு சொல்லுங்கண்ணா."

அண்ணன் அங்கேயே அரிசி டின் மேல் உட்கார்ந்துவிட்டார். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கோபிக்கவில்லை. "தனியா எப்படிம்மா இருப்ப?" என்றார்.

"தெரியலண்ணா" என்றேன். அது பொய் இல்லை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தைரியமும் வந்துவிடவில்லை. அந்தக் குழாயில் வேறு தண்ணீர் வரக் கூடாது என்பது மட்டும்தான் தெரிந்தது. அண்ணன் அன்று சாயங்காலம் உருளையில் முதல் உப்பு மூட்டையைத் தானே கொட்டிவிட்டுப் பஸ் ஏறினார்.

நல்ல தண்ணீருக்குப் பழகுவது சுலபமாக இல்லை. குளித்தால் சோப்பு போகவே போகாது. உடம்பு வழவழவென்றே இருக்கும். சோப்புதான் மிச்சமிருக்கிறது என்று நினைத்து நான் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டே நிற்பேன், தொட்டி காலியாகிற வரைக்கும். பக்கத்து வீட்டு அம்மாதான் சிரித்துக்கொண்டே சொன்னார், நல்ல தண்ணீர் என்றால் உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று. பருப்பைப் பழைய கணக்குக்கே விசில் விட்டேன், கூழாகிவிட்டது. இரண்டு பேருக்கு வைத்திருந்தேன். இரண்டு வேளை சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை உப்பு போட்டுக் கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்குப் போகும்படி விட்டு, அது கருகிப்போயிற்று. ஹோஸை வேறு பக்கம் திருப்பினேன். குடம் வெளுப்பது நின்றது. முடி கொட்டுவது நிற்கவில்லை.

காலையில் எழுந்தால் இரண்டாவது குழாயைத் திறப்பேன், மூடுவேன். கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. வாசல் கதவைத் திறக்கிற மாதிரி ஒரு வேலை. வருஷங்கள் அப்படியே போயின. அண்ணன் வந்து போனார். நான் வேலைக்குப் போய் வந்தேன். யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்பேன், அது சரியா தப்பா என்று யோசித்ததில்லை.

பிறகு ஒரு கோடையில் தெருவைத் தோண்டினார்கள். குழாய் போட்டார்கள். தோண்டிய மண்ணை மூடாமல் போனார்கள், மழையில் எல்லோரும் திட்டினோம். மீட்டர் வைத்தார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் மண்ணைக் கிளறி, அவர் திருகிய மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு லைனைச் சேர்த்தார்கள். அடுத்த வாரம் தண்ணீர் விடுவோம் என்றார்கள். அந்த அடுத்த வாரம் மாதக்கணக்கில் வரவில்லை. எங்களுக்கு அது புதிதும் இல்லை.

ஒரு காலை, வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் வழக்கம்போலத் திறந்தேன். மூடப்போகும்போது குழாய் இருமியது. உள்ளே எங்கேயோ காற்று புரண்டது. துரு நிறத்தில் கொஞ்சம் துப்பியது. அப்புறம் ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் கனமாக, வெள்ளையாக, தொட்டியே அதிர்கிற மாதிரி கொட்ட ஆரம்பித்தது.

"வந்துட்டா" என்றேன், கூடத்துப் பக்கம் திரும்பி.

கூடத்தில் நாற்காலி இருந்தது. அவருக்குக் கேட்டிருக்காதோ என்று நினைத்தேனா, என்ன நினைத்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. ஸ்ரீராம்புரத்துச் சந்தில் அவர் கத்துவது போலவே, "வந்துட்டா! வந்துட்டா!" என்று கத்தினேன். அத்தனை வருஷமும் வராதது அப்போதுதான் வந்தது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். வலித்தது. நன்றாகவே வலித்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மா ஓடிவந்தார். அவர் வீட்டிலும் தண்ணீர் வந்திருந்தது, கையெல்லாம் ஈரம்.

"ஏனாயித்து? என்னாச்சு? காவேரி வந்ததுக்கு யாராச்சும் அழுவாங்களா?"

"அவர்கிட்ட சொல்லணும்க்கா" என்றேன்.

அந்த அம்மா, நிரம்பி வழிந்துகொண்டிருந்த தொட்டிக்கு மேலே குழாயை மூடிவிட்டு, என் பக்கத்தில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்தார்.